தண்ணீர் ஓடும் பக்கம்

ஒரு வீட்டுக்குச் சேர்வர் பெட்டி பூட்டப் போனால், டிஸ்க் எவ்வளவு பெரிது வேண்டும் என்று நான் முதலில் கேட்பதில்லை. இந்த வீட்டைக் கழுவினால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் பழுதுபார்க்கிற கடையை நீங்கள் பொறுப்பெடுத்தபோது ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு எழுத்து வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். ரேடியோ, டீவி, டெக், பிறகு கொம்பியூட்டர் என்று கைப்பழக்கத்தில் வந்தவன். பெட்டி பூட்டுவதும் புரோகிராம் போடுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை எழுதவில்லை. பெட்டி பழுதானால் உங்கள் முன்னால் ஒரு ஆள் வந்து நிற்பார். அந்த நேரத்துக்கு எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன்.

பருத்தித்துறையில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, இரசாயனவியல் படிப்பிக்கிற டியூசன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் பெயர் மாஸ்டர்தான். மனைவி ரஞ்சினி. பிள்ளைகள் இல்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்தை வீடியோ எடுத்து, கிழமைக்கு ஒன்றாக அனுப்புவார். நீர்வேலி, பண்டத்தரிப்பு வரைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். யூடியூப்பில் போட மாட்டார். போட்டால் ஊரெல்லாம் பார்க்கும், பிறகு என்னிடம் யார் வருவான் என்பார். அதனால் எல்லாம் வீட்டிலேயே இருக்கவேண்டும். ஒரு சேர்வர் பெட்டி செய்து தரச் சொன்னார்.

மலிவாகத்தான் செய்தேன். கொழும்பில் ஒரு கம்பெனிக் கந்தோரில் கழித்துவிட்ட கொம்பியூட்டர். கமராப் பெட்டிகளில் ஓடிய பழைய டிஸ்க் இரண்டு. இரண்டிலும் ஒரே விசயம் எழுதப்படும். கரண்ட் போனால் தாங்க ஒரு யூ.பி.எஸ். மலிவுப் பெட்டி, ஆனால் நல்ல பெட்டி. நான் அதை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது மேசைக்குக் கீழே நிலத்தில் நின்றது.

"என்ன மாஸ்டர், இறக்கிப்போட்டியள்?"

"மேலை இருந்தால் பெட்டிக் காத்தாடியின்ரை சத்தம் மைக்கிலை விழுது அண்ணை. கீழை சத்தமில்லை."

அவர் சொன்னதில் பிழையில்லை. பாடத்தில் ஒரு சத்தம் விழ விடமாட்டார். காகம் கத்தினாலும், கேற் திறந்தாலும், ரஞ்சினி கூப்பிட்டாலும் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு அனுப்புவார். வெட்டாத முழு வீடியோவும் பெட்டிக்குள் தனியாகக் கிடக்கும்.

"ரெண்டு டிஸ்க்கிலையும் இருக்கிறது ஒண்டுதான் மாஸ்டர். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது நிக்கும். பெட்டியே போனால் ரெண்டும் போகும். வேற ஒரு டிஸ்க்கிலை எடுத்து வேற வீட்டிலை வையுங்கோ."

"ஓமோம். சோதினை முடியட்டும், பாப்பம்."

"எந்தச் சோதினை?"

"பிள்ளையளின்ரைதான். எனக்கென்ன சோதினை, நான் எப்பவோ பாஸ்."

இப்படிச் சொன்ன ஆட்கள் எனக்கு நிறையப் பேர். எல்லாருடைய பெட்டியும் போனதில்லை. அதுதான் கரைச்சல். போகாத பெட்டிகளைப் பார்த்துத்தான் ஆட்கள் பழகுகிறார்கள்.

மாஸ்டருக்கு இருதய வருத்தம் இருந்தது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். சோதினைக்கு முன் எழும்ப முடியாமல் போகலாம் என்று, மிச்சப் பாடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துப் பெட்டியில் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக உடுப்புப் பெட்டி கட்டி வைத்திருந்தார். போகவில்லை. போக இருந்த அன்று விடியவே வீட்டில் முடிந்துவிட்டார்.

செத்த வீட்டை லண்டனில் இருந்த அவருடைய தமையன் பார்க்க வேண்டும் என்று கமரா வைத்து அனுப்பினார்கள். அந்த வீடியோவும் மாஸ்டரின் பெட்டியில்தான் பதிந்தது. அதனால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிரேதம் எடுத்தபோது ஆண்கள் எல்லாரும் சுடலைக்குப் போனோம். நானும் போனேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரேதம் படலை தாண்டினதும் பெண்கள் வீடு முழுக்கக் கழுவுவார்கள். வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள்.

மாஸ்டர் பாடம் எடுக்கிற அறை முந்தி விறாந்தையாக இருந்து பிறகு அடைத்தது. ஹோலைவிட ஒரு படி பதிவாக, தாழ்ந்து இருக்கும். ஹோலில் ஊற்றின தண்ணீர் அவ்வளவும் அங்கேதான் இறங்கியது. பெட்டியின் வாய் அந்தப் பக்கம் பார்த்து நின்றது. டிஸ்க் இரண்டும் அடித்தட்டில். காத்தாடி தண்ணீரை உள்ளே இழுத்தது. வீட்டின் ட்ரிப் சுவிச் விழுந்தது. ஆனால் யூ.பி.எஸ். மேசைக்கு மேல் காய்ந்துபோய் இருந்தது. காப்பாற்ற வைத்த சாமான், நனைந்த பெட்டிக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுத்தது. நல்ல கிணறாக இருந்தாலும் பரவாயில்லை. கடற்கரைக் கிணறு, உவர்த் தண்ணீர்.

அடுத்த நாள் காலை ரஞ்சினியின் தம்பி சுதன் ஓட்டோவோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனான். வீட்டில் அயல் பெண்கள் நின்றார்கள். அதில் வயதான ஒருவர் என்னைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டார்.

"என்ரை கையாலைதான் தம்பி ஊத்தினனான். ஏதோ குருவி கத்தினமாதிரிக் கத்திச்சுது. அழுத களையிலை நாங்கள் ஆரும் கவனிக்கேல்லை."

"நீங்கள் செய்யவேண்டியதைச் செய்தியள் அம்மா. பெட்டி நிண்ட இடம்தான் பிழை. எவ்வளவு நேரம் கத்தினது?"

"ஊத்தி முடிஞ்சு, கூட்டித் தள்ளுமட்டும் கத்தினது."

இது எனக்குத் தேவையான பதில். கத்தினது யூ.பி.எஸ்.; அது கத்தின நேரமெல்லாம் நனைந்த பெட்டிக்குள் கரண்ட் ஓடியிருக்கிறது. பழுது நடந்த இடத்தில் யார் செய்தது என்று கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆளைத் தேடத் தொடங்கினால் ஆட்கள் பாதியை மறைப்பார்கள். மறைத்த பாதியில்தான் உங்களுக்கு வேலை இருக்கும்.

பெட்டியைத் திறந்தேன். டிஸ்க் இரண்டையும் காணவில்லை.

"எங்கையடா டிஸ்க்?"

சுதன் குசினிக்குப் போய் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அரிசிக்குள்ளை தாட்டு வைச்சிருக்கிறன் அண்ணை. போன் நனைஞ்சாலும் அப்பிடித்தானே செய்யிறது."

"எத்தினை விசில் விட்டனி?"

சிரிக்கக்கூடாத வீடு. அழுத அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். ரஞ்சினி கதவு நிலையில் நின்றபடி என்னைப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை.

"உதுகளை வேற எங்கையும் பூட்டிக் கரண்ட் குடுத்துப் பாத்தனியோ?"

"இல்லை அண்ணை. பயத்திலை பூட்டேல்லை."

"நல்லது. உந்தப் பயம் எண்டைக்கும் இருக்கட்டும்."

உண்மையாகத்தான் சொன்னேன். அரிசியால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அவன் பூட்டிப் பார்க்காமல் விட்டதால்தான் எனக்கு ஏதோ ஒன்று மிஞ்சியது.

ஒரு டிஸ்க்கின் பச்சைப் பலகை கருகியிருந்தது. அது முடிந்தது. மற்றதின் லேபிளில் மஞ்சள் படிந்திருந்தது. பலகை கருகவில்லை. ஆனால் உள்ளே ஈரம் போயிருக்கலாம். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

லண்டன் தமையன் போனில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தோம்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் தொடாதேங்கோ. கொழும்பிலை இதுக்கெண்டே இடமிருக்கு. அனுப்புங்கோ. செலவு என்ரை."

"சரியான வேலை அதுதான். ஆனா அவையள் செய்து தாறதுக்குள்ளை சோதினை முடிஞ்சிடும்."

"சோதினை என்ன சோதினை? என்ரை தம்பியின்ரை முகம் அதுக்குள்ளை கிடக்கு."

ரஞ்சினிதான் பேசினாள்.

"அத்தான், நேற்று அந்தப் பிள்ளையள் எல்லாம் வந்ததுகள். ஒரு பிள்ளை நீர்வேலியிலை இருந்து பஸ் ஏறி வந்தது. பாடத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேக்காமல் நிண்டிட்டுப் போச்சுதுகள். இனி எந்த மாஸ்டரிட்டைப் போய்த் தொடங்கிறது? நேரமில்லை."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான் அவர் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு எடுத்தவர்."

தமையன் போனை வைத்துவிட்டார்.

நான் அவளுக்கு இரண்டு பக்கமும் சொன்னேன். கொழும்புக்கு அனுப்பினால் எல்லாம் வரலாம், நேரத்துக்கு வராது. இங்கே எடுத்தால் ஏதோ கொஞ்சம் வரும், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். எனக்கு எது நல்லதாகப் படுகிறது என்று கேட்டாள். கொழும்பு என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். பிறகு தீர்மானம் அவளுடையது. இங்கேயே எடுங்கோ என்றாள்.

கடைக்குக் கொண்டுபோகவில்லை. செத்த வீட்டுத் துடக்கு கழியுமட்டும் அவள் வீட்டை விட்டு வர முடியாது. டிஸ்க் ஓடும்போது கேட்கவேண்டியது வந்தால் கேட்பதற்கு ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். உரியவர் இல்லாத இடத்தில் இப்படியான வேலை செய்யாதீர்கள். போனில் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். கேட்க நேரம் இருக்காது. அதனால் என் சாமான்களை அந்த அறைக்கே கொண்டுபோனேன். பலகையை ஸ்பிரிட் விட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். கரண்ட் வெட்டு இல்லாத நாளைப் பார்த்தேன்.

எனக்கு வேலை பழக்கிய முதலாளி, பழுது வந்த சாமானைத் தொடமுதல் கையைக் கழுவச் சொல்வார். ஊத்தைக்காக இல்லை. கிணற்றடிக்குப் போய்வருகிற நேரத்துக்குள் ஆள் அடங்கிவிடும். அன்றும் கிணற்றடிக்குப் போனேன். அதே உவர்த் தண்ணீர். கையைக் காய வைத்துக்கொண்டு வந்து டிஸ்க்கைப் பூட்டினேன்.

சுற்றியது. சத்தம் சுத்தமாக இருந்தது.

உள்ளே மாஸ்டர் மூன்று பிரிவு வைத்திருந்தார். பெயர்களை ரஞ்சினிக்கு வாசித்தேன். 'பாடம்' என்பது வெட்டித் திருத்தினது. 'முழுசு' என்பது வெட்டாதது. 'வீடு' என்பதில் அவர்களுடைய படங்கள், கதிர்காமம் போன வீடியோ, கலியாண வீடியோ. கலியாணக் கசெற்றில் பூஞ்சணம் பிடித்து, பெட்டிக்கு மாற்றிய கையோடு எறிந்துவிட்டார்கள். வேறு பிரதி இல்லை.

"தங்கச்சி, இது எவ்வளவு நேரம் ஓடும் எண்டு எனக்குத் தெரியாது. எது முதல்?"

அவள் 'வீடு' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடம்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சிட்டன் அண்ணை."

பாடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சுதன் பாட எண்களை வாசித்து வாசித்து அக்காவுக்குச் சொன்னான். அவள் கதிரையில் இருந்தாள். ஒன்றும் குடிக்கவில்லை. பாதிக்கு மேல் வந்ததும் சுதனுக்கு வாய் திறந்தது.

"பாத்தியோ அக்கா, சும்மா குதிரைமாதிரி ஓடுது."

"வாயை மூடிக்கொண்டு இருடா," என்றேன்.

கடைசிப் பாடம் பாதி வந்தபோது சத்தம் மாறியது. பலகையில் நகத்தால் தட்டுவதுபோல. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. வேகம் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிற்பாட்டவேண்டும். உள்ளே ஊசி தட்டில் உரசத் தொடங்கிவிட்டது. உரசுகிற ஒவ்வொரு சுற்றிலும் எழுதியிருப்பது அழிந்துகொண்டு போகும். என் கை பிளக்குக்குப் போய்விட்டது.

"தங்கச்சி, கேளுங்கோ. இப்ப இழுத்தால், மிச்சத்தைக் கொழும்பிலை எடுக்கலாம். வீட்டுப் படம் எல்லாம். விட்டால் இந்தப் பாடம் வரும். மிச்சம் போகலாம்."

"எந்தப் பாடம் இது?"

"கடைசி."

"ஆஸ்பத்திரிக்குப் போக இருந்ததுக்கு முதல் நாள் பின்னேரம் எடுத்தது," என்றாள். "நிக்க ஏலாமல் ஒரு கையாலை மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

டிஸ்க் தட்டியது.

"அக்கா, இழுக்கச் சொல்லு," என்றான் சுதன். "கலியாண வீடியோ அக்கா."

"விடுங்கோ அண்ணை," என்றாள். "இது ஒண்டு முடியட்டும்."

இழு என்று என் கைக்குத் தெரியும். இழுக்கவில்லை. டிஸ்க் என்னுடையது அல்ல. அது தட்டித் தட்டி, நின்று நின்று எழுதியது. பாடம் முடிந்தது. அடுத்தமுறை தட்டுவதற்கு முன் பிளக்கை இழுத்துவிட்டேன்.

டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பினோம். தட்டு சுரண்டுப்பட்டுப் போயிற்று, ஒன்றும் எடுக்க இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள். லண்டன் தமையன் அதற்குப் பிறகு என்னோடு கதைத்ததில்லை. அவர் சொன்னது பிழை என்று நான் எங்கும் சொன்னதும் இல்லை. அவர் சொன்னபடி செய்திருந்தால் கலியாணமும் கதிர்காமமும் வந்திருக்கலாம். வராமலும் விட்டிருக்கலாம். இப்படியான வேலையில் மற்றப் பாதை எப்படி இருந்திருக்கும் என்று யாரும் உங்களுக்குக் காட்டப்போவதில்லை. அதை நினைத்துப் படுக்காமல் இருக்கப் பழகுங்கள். எனக்கு அது முழுதாகப் பழகவில்லை.

பாடங்களை மாஸ்டர் செய்ததுபோலக் கிழமைக்கொன்றாக அனுப்பச் சொன்னாள் ரஞ்சினி. அனுப்பமுதல் ஒவ்வொன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிட்டுப் பார்ப்போம். பிரதி எடுத்தாயிற்று என்று மெசின் சொன்னால் நம்பாதீர்கள். அது எழுதினதைத்தான் சொல்லும். ஓடுமா என்று சொல்லாது. அவளும் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். இரசாயனம் அவளுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கும்தான். ஒரு சத்தமும் இல்லாத பாடங்கள். மாஸ்டரின் குரல், சோக்கட்டி பலகையில் உரசுகிற சத்தம், அவ்வளவுதான். அந்த வீட்டில் வேறு ஆள் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

கொழும்பிலிருந்து பதில் வந்த பிறகுதான் கடைசிப் பாடத்தைத் திறந்தோம். மாஸ்டர் மெலிந்துபோய் நின்றார். இடக்கை மேசையில். ஏதோ சமன்பாடு எழுதிக்கொண்டு போகிறார். பாதியில், பின்னாலிருந்து ஒரு குரல்.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

மாஸ்டர் திரும்பினார். முகத்தில் கொஞ்சம் எரிச்சல். பிறகு அது போய்விட்டது.

"ஓமப்பா, வாறன். இது ஒண்டு முடியட்டும்."

திரும்பிப் பலகையில் எழுதத் தொடங்கினார். அதை வெட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வெட்டாமலே 'பாடம்' பிரிவில் போட்டுவிட்டிருக்கிறார்.

நான் நிற்பாட்டவில்லை. பாடம் முடியுமட்டும் ஓடியது. ரஞ்சினி முழுக்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த இடத்தை வெட்டிப்போட்டுப் பிள்ளையளுக்குக் குடுங்கோ அண்ணை."

"இருக்கட்டுமே தங்கச்சி. பிள்ளையளுக்கு அது இடைஞ்சல் இல்லை."

"அவர் வீட்டுச் சத்தம் ஒண்டும் பாடத்திலை விடமாட்டார்."

வெட்டினேன். மாஸ்டர் வெட்டுகிற மாதிரி, ஒட்டின இடம் தெரியாமல்.

"வெட்டினதை என்ன செய்யிறது?"

"எறிஞ்சுபோடாதேங்கோ."

"பேர் ஒண்டு போடவேணும். என்ன பேர் போட?"

பாடங்களுக்கெல்லாம் மாஸ்டர் எண்தான் போட்டிருந்தார். அவள் வெளியே கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"தேத்தண்ணி எண்டு போடுங்கோ."

பிள்ளைகள் சோதினை எழுதினார்கள். சிலர் பாஸ், சிலர் இல்லை. மாஸ்டர் இருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். நீர்வேலிப் பிள்ளை பாஸ் என்று கேள்வி.

அந்தத் துண்டை மூன்று பென்டிரைவில் போட்டேன். ஒன்று ரஞ்சினியின் அலுமாரிக்கு மேல். ஒன்று சுதன் வீட்டில். ஒன்று என்னிடம். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு, ஒன்றுதான். எடுத்து வைத்ததோடும் விடாதீர்கள். வருசத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

நான் பொங்கலுக்கு வீடு கழுவ முதல் என்னுடையதை இறக்குவேன். பூட்டி ஓடவிடுவேன். மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தேத்தண்ணி ஆறுது என்று பின்னால் கேட்கும். வாறன் என்பார். அதோடு முடிந்துவிடும். கழற்றி, மேலே வைத்துவிட்டு, தண்ணீர் அள்ளப் போவேன்.